வாசகர் கேள்வி பதில்: கேட்கும்வரை காத்திருப்பதா?

கேள்வி: "உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). அப்படியென்றால் யாராவது கேட்கும்வரை நாம் வாய் திறக்காமல் இருப்பதுதானே சரி? எங்கள் சபையிலோ சனிக்கிழமை கைப்பிரதி (இயேசுவைப் பற்றிய துண்டுத்தாள்) கொடுக்கும் ஊழியத்துக்கு வராதவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: பேதுரு அந்த நிருபத்தை யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கி) சிதறிக் கிடந்து, விசுவாசத்தின் பேரில் பழிச்சொல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. இவ்வளவு பட்டும் இவர்கள் நம்பிக்கை இழக்கவில்லையே என்று அக்கம்பக்கத்தார் ஒருநாள் கேட்பார்கள், அப்போது பதில் தெரியாமல் விழிக்காதீர்கள் என்கிறார். கேட்காவிட்டால் பேசாதே என்று அவர் சொல்லவில்லை. "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று பவுல் கேட்கும் கேள்வியும் (ரோமர் 10:14) அப்படியே நிற்கிறது. அதே சமயம், பேதுருவின் வசனத்தில் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்ற சொற்களும் இருக்கின்றன. "புறப்பட்டுப்போய்" சீஷராக்குங்கள் என்ற இயேசுவின் கட்டளையை உரக்கச் சொல்கிறவர்கள் பலர் இந்த இரண்டு சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சமாரியாவின் கிணற்றடியில் இயேசு முதலில் உபதேசம் செய்யவில்லை, "தாகத்துக்குத் தா" என்று தண்ணீர் கேட்டார். எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தோடு ஓடிய பிலிப்பு, "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அடுத்து நடந்ததை வரிசையாகக் கவனியுங்கள். மந்திரி அவரை ஏறி உட்காரச் சொல்கிறார். பிலிப்பு உட்காருகிறார். மந்திரியே மறுபடி ஒரு கேள்வி கேட்கிறார். அதற்குப் பிறகுதான் பிலிப்பு பேசுகிறார், அதுவும் அந்த மனிதர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த ஏசாயாவின் பகுதியிலிருந்தே தொடங்கி.

நம் மண்ணில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு செய்ததும் இதுதான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதப் பழகினார். தமிழர்களுக்கு அவர்களுடைய சமயத்தையும் வழக்கங்களையும் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பி, 1712 முதல் 1714 வரை வந்த பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த அதே மனிதர்தான், அதற்கு முன்பே தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். தெரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது என்பது அவர் கண்ட வழி.

ஆகவே காத்திருக்கவும் வேண்டாம், கொட்டித் தீர்க்கவும் வேண்டாம். முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். பதிலை முழுக்கக் கேளுங்கள். சனிக்கிழமை ஊழியத்துக்கு வராதவர் பாவி அல்ல. போகிறவர்கள் ஒழுங்காகப் போக வேண்டும். "இது இயேசுவைப் பற்றியது, வாசிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் "சரிங்க, நன்றி" என்று நகருங்கள். நிறுத்திய வண்டிகளில் செருகுவதும் பூட்டிய கதவுக்கடியில் தள்ளுவதும் வேண்டாம், அது மிதிபட்டுக் குப்பைக்குத்தான் போகும். கோயில் வாசலில், தேரோட்டக் கூட்டத்தில் கொடுப்பதை அடியோடு விடுங்கள். பெரிய வெள்ளியன்று நம் ஆலய வாசலில் வேறு சமயத்தார் நின்று தாள் நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பர் இந்து. அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேச ஆசை. எப்படித் தொடங்குவது, எவ்வளவு பேசுவது? அவர் திருப்பதி போய் வந்து லட்டு தரும்போதும் சங்கடமாக இருக்கிறது.
— சென்னை வாசகி

பதில்: அந்த லட்டிலிருந்தே தொடங்கலாம். வரிசையில் மணிக்கணக்கில் நின்று வாங்கி, வீட்டுக்கும் உறவுக்கும் பங்கிட்டது போக, உங்களுக்கென்று ஒரு துண்டைத் தாளில் மடித்துக் கொண்டுவருகிறார். அது அன்பு. படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக அதை உண்ண வேண்டாம் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 10:28). நம்மில் பலர் அதன்படி நடக்கிறோம். ஆனால் மறுக்கும் விதம் முக்கியம். முகம் சுளிப்பது, "விக்கிரகத்துக்குப் படைத்தது" என்பது, வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டுப் பிறகு குப்பையில் எறிவது — மூன்றும் நட்பை முறிக்கும். மூன்றாவதை அவர் என்றாவது பார்த்துவிடுவார். "எனக்காக நினைச்சுக் கொண்டுவந்தீங்களே, ரொம்ப சந்தோஷம். படைச்சதை நாங்க சாப்பிடறதில்லை, தப்பா எடுத்துக்காதீங்க. பயணம் எப்படி இருந்துச்சு?" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் எதற்காகப் போனார், என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் (18:13).

ஒருநாள் அவரே, "நீங்க எப்படி வேண்டிக்குவீங்க?" என்பார். கேட்காவிட்டால், "என் நம்பிக்கையைப் பத்தி ஒரு ரெண்டு மூணு நிமிஷம் சொல்லட்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். சொன்ன நேரத்துக்குள் முடியுங்கள். இதை முன்கூட்டியே ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதிப் பாருங்கள். உங்கள் வாழ்க்கையில் எது பாரமாக இருந்தது, இயேசுவிடம் எதைக் கண்டீர்கள், இன்று எது மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை. இந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நம் சாட்சிகள் மருந்துக் கடை விளம்பரம் போல் ஒலிக்கின்றன.

எழுதியதில் ஆலயத்துக்குள் மட்டும் புழங்கும் சொற்களை அடித்துவிடுங்கள். "இரட்சிக்கப்பட்டேன்" என்றால் எதிலிருந்து என்று அவருக்குத் தெரியாது. "அபிஷேகம்" என்றால் அவர் மனதில் வருவது பாலும் சந்தனமும். "தேவன் என்னோடு இடைப்பட்டார்" என்பதை வெளியாள் யாரும் புரிந்துகொள்ள முடியாது. "புறஜாதி", "அஞ்ஞானி" என்ற சொற்கள் வீட்டுப் பேச்சிலும் வேண்டாம், பழக்கத்தில் வெளியே வந்துவிடும். அவர் கும்பிடும் தெய்வத்தைப் பேய் என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பேசுவது சாப்பாட்டு நேரத்தில். வேலை நேரம் சம்பளம் கொடுப்பவருடையது. உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களாகத் தொடங்கவே கூடாது. விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவரிடம் அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தினமும் வசனம் போடுவதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: மருத்துவமனைக்குப் போய்க் கட்டில் கட்டிலாக ஜெபிக்கிறோம். சமீபத்தில் ஒரு வார்டில் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். எங்கே தவறு?
— நாகர்கோவில் வாசகர்கள்

பதில்: தெருவில் பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருப்பவர் எங்கே போவார்? மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் பேசும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். குருடனான பர்திமேயுவின் தேவை எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்று அவனைக் கேட்டார் (மாற்கு 10:51).

நிர்வாகத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள். பார்வையாளர் நேரத்தில் மட்டும் போங்கள். வார்டுக்குள் நுழைந்ததும் பொறுப்புச் செவிலியரிடம் யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்கக் கூடாது என்று கேளுங்கள். இரண்டு பேர் போதும். எட்டுப் பேர் சூழ்ந்து நின்றால் நோயாளிக்குப் பயம்தான் வரும். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். "நாங்க கிறிஸ்தவங்க. உங்களுக்காக ஜெபிக்கலாமா, வேண்டாமா? எதுன்னாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். "வேண்டாமா" என்ற சொல்லை நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கு மறுப்பது எளிது. சரி என்றால் தாழ்ந்த குரலில் ஒரு நிமிடம். தலையில் கை வைப்பதற்குத் தனியாக அனுமதி வேண்டும். எண்ணெய் பூசுவது அவரே கேட்டால் ஒழியக் கூடாது. ஐந்து நிமிடத்தில் கிளம்புங்கள். டம்ளருக்கு அடியில் கைப்பிரதியைச் சொருகிவிட்டு வராதீர்கள்.

"விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னாலும் அவரை அடுத்த முறை அழைத்துப் போகாதீர்கள். சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் உயிரே போகலாம். நோய்க்குக் காரணம் பாவம் என்று சொல்வதை, பிறவிக் குருடன் ஒருவன் விஷயத்தில் இயேசுவே மறுத்திருக்கிறார் (யோவான் 9:3).

கேள்வி: "எப்போதும் நற்செய்தி அறிவியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள்" என்று அசிசி பிரான்சிஸ் சொன்னாரே?
— திருச்சி வாசகர்

பதில்: அவருடைய எழுத்துகளில் இந்த வாக்கியம் இல்லை. இஸ்லாமியரிடையே போகிற தம் துறவற சபைச் சகோதரர்களுக்கு 1221-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் அவர் இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஒன்று, வாக்குவாதம் செய்யாமல், எல்லாருக்கும் பணிந்து நடந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று ஒளிக்காமல் வாழ்வது. மற்றது, கடவுளுக்குச் சித்தம் என்று கண்டால் வார்த்தையை அறிவிப்பது. 1219-ல் எகிப்தின் சுல்தான் அல்-காமிலை நேரில் போய்ச் சந்தித்தவர் எழுதியது இது. அவர் வாயையும் மூடச் சொல்லவில்லை, வாழ்க்கையையும் விடச் சொல்லவில்லை.

கேள்வி: மதம் பற்றிப் பேசுவது சட்டப்படி குற்றமா? ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் என்ன செய்வது?
— மதுரை மாவட்டப் போதகர்

பதில்: குற்றமல்ல. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. வேறு மாநிலங்களில் நிலை வேறு. உத்தரப் பிரதேசத்தில் மதம் மாறுகிறவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கே ஊழியத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வெள்ள நிவாரண அரிசிப் பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து அல்ல. பசியில் இருப்பவரிடம் விலை கேட்பது போல் ஆகிவிடும்.

ஞானஸ்நானம் கேட்பவர் பதினெட்டு நிரம்பியவரா, வீட்டில் சொல்லிவிட்டாரா என்று விசாரியுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் ஒன்றை மறைக்காமல் சொல்வது உங்கள் கடமை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துக்களும், 1956 முதல் சீக்கியரும், 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். அவருடைய வேலையும் பிள்ளைகளின் படிப்பும் இதில் அடங்கியிருக்கின்றன. இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். ஞானஸ்நான நாளை அதற்குப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.