ரிஞ்சானி: உச்சிக்குப் போகாமல் வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அது சுலபமான வழி என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் உள்ள ரிஞ்சானி, 3,726 மீட்டர் உயர எரிமலை. ஏறத் தொடங்கும் ஊர்களில் செம்பலுன் பக்கம் வெயில் காயும் புல்வெளி. செனாரு பக்கம் மழைக்காடு. வெந்நீர்தான் குறி என்றால் செனாருவிலிருந்து ஏறுங்கள், நிழலாவது கிடைக்கும்.

சோதனையே எரிமலை வாயின் விளிம்பைத் தொட்ட அப்புறம்தான். சுமார் 2,600 மீட்டரில் இருக்கும் விளிம்பிலிருந்து 2,000 மீட்டரில் கிடக்கும் செகாரா அனாக் ஏரிக்குச் செங்குத்தான பாறைவழியில் இறங்க வேண்டும். முழங்கால் கெஞ்சும். 1257-இல், ரிஞ்சானியை ஒட்டியிருந்த சமலாஸ் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. உள்ளேயே பாருஜாரி என்ற சிறிய எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. பூமிக்கடியில் உள்ள அந்தச் சூட்டில் காய்ந்த நீர்தான் ஏரிக்கு அருகே ஆயிக் காலாக் ஊற்றாக வருகிறது. கந்தக வாடை அடிக்கும். ஆனாலும் அலுத்த காலுக்கு அது சொர்க்கம்.

மழைக்காலத்தில், பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை, பாதையை மூடிவிடுவார்கள். இன்னொன்று: வந்த வழியே திரும்புவதென்றால், குளித்து முடித்ததும் அதே 600 மீட்டரைத் திரும்ப ஏற வேண்டும். அதற்குத் தெம்பை மிச்சம் வையுங்கள்.