பாடம் விளங்குது, ஒப்படைதான் போகுதில்லை

கேள்வி: மகனுக்கு ஓட்டிசம். ஏ.எல். நல்லாய்ச் செய்து, வவுனியாவில் கம்பஸ் விடுதியில் நின்று படிக்கிறார். பாடமெல்லாம் விளங்குது, ஒப்படை மட்டும் போகுதில்லை. ரியூசன் ஆள் பிடிக்கலாமா அக்கா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: ரியூசன் வேண்டாம் தங்கச்சி. விளங்கின பாடத்தையே திரும்பச் சொல்லிக் கொடுத்து என்ன காணப்போகிறோம்?

என்னிடம் முன்பு படித்த ஒரு பெடியனும் மகனைப் போலத்தான். ஒப்படையை நேரத்துக்கே எழுதி முடித்துவிட்டார். ஆனால் ஒன்பது நாள் அது பைக்குள்ளேயே கிடந்தது. விரிவுரையாளரின் அறைக்கதவு சாத்தியிருந்ததாம். தட்டுவதா, கதவடியில் வைப்பதா, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார். உடுப்புத் தோய்க்க எடுத்த தாய், மடிப்புக் குலையாமல் இருந்த அந்தத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து அழுதார். வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு வடிவாக எழுதியிருந்தார்.

மகனுக்கும் அந்தக் கதவடியில்தான் ஆள் வேண்டும். பாடம் படிப்பிக்காமல், வேலையைச் செய்து முடிக்கப் பக்கத்தில் நின்று பழக்குவதைத்தான் கோச்சிங் என்கிறார்கள், பழக்குகிறவர் கோச். அமெரிக்காவில், வெர்மொன்ட் மாநிலத்தில் 1985இல் தொடங்கிய லாண்ட்மார்க் கல்லூரி கற்றலில் இடர்ப்படும் மாணவர்களுக்காகவே நடக்கிறது. அங்கே கோச்சும் உண்டு. நமக்கு அது எட்டாது, ஆனால் வேலையை இங்கேயும் செய்யலாம். கிழமையில் இரண்டு நாள், அதே நேரம், அதே மேசை, அரை மணித்தியாலம். இன்றைக்குத் தலைப்பைக் கொப்பியில் எழுதுவது, நாளைக்கு நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுப்பது என்று ஒப்படையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போனில் அலாரம் வைக்க வேண்டும். விரிவுரையாளரிடம் கேட்க வேண்டியதை முதலில் இருவரும் கதைத்துப் பழக வேண்டும். உள்ளே போய்க் கேட்பது மகன்தான். கோச் வெளியே நிற்பார். பழகப் பழக நாளைக் குறைக்கலாம்.

பொறுமையான சீனியர் ஒருவரே போதும். மகன் சம்மதித்தால் மாணவர் ஆலோசகரைக் கண்டு கதையுங்கோ, வைத்திய அறிக்கையின் பிரதியையும் கொண்டு போங்கோ. கெஞ்ச வேண்டியதில்லை. வலுவிழந்தோரின் உரிமைகளுக்கென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது.

கோச்சோடு கதைத்ததையெல்லாம் உங்களுக்கு ஒப்புவிக்கச் சொல்லி மட்டும் மகனைக் கேட்காதீங்கோ. அவர் இப்போது பெரிய ஆள். யாரைக் கோச்சாக வைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கோ. பதில் வரக் கொஞ்சம் சுணங்கும், பொறுத்திருங்கோ.