பார்க்கின்சன் நோயில் நடக்கும்போது கால் ஒட்டிக்கொள்கிறது, காந்தத் தூண்டல் சிகிச்சை உதவுமா?

உங்கள் வீட்டிலும் வாசற்படியைக் கண்டால் கால் நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். என் அப்பாவுக்கு பாத்ரூம் வாசல். கூடத்தில் ஓரளவு நடந்து வருவார். அங்கே வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் சாயும். இரண்டு முறை விழுந்துவிட்டார்.

நரம்பியல் டாக்டர் சொல்லித்தான் காந்தத் தூண்டல் சிகிச்சைக்குப் போனோம். எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலையை ஒட்டி வைப்பார்கள். முதல் நாள் எவ்வளவு விசையில் கட்டைவிரல் துடிக்கிறது என்று பார்த்து, அதை வைத்து அளவை முடிவு செய்தார்கள். 'டக் டக்' என்று சத்தம் வரும், காதை அடைத்துவிடுவார்கள். மயக்க மருந்து கிடையாது. யாரோ மண்டையில் சுண்டுவது போல இருக்கிறது என்றார் அப்பா. பத்து நாள் போனோம்.

இரண்டாவது வாரம், திரும்பும்போது தடுமாறுவது குறைந்ததை அம்மாதான் முதலில் கவனித்தார். ஒன்றரை மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் மெல்லப் பழையபடி ஆகிவிட்டது. கை நடுக்கம் கடைசிவரை குறையவில்லை.

எல்லாம் மனநம்பிக்கை என்று சிலர் சொல்வீர்கள். இருக்கலாம். மருந்தில்லாத வெறும் ஊசிக்கே பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் (இந்த நோயில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருள்) சுரப்பதை 2001-இலேயே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு மனச்சோர்வுக்காக 2008-இல் அனுமதி கிடைத்தது, பார்க்கின்சனுக்கு இன்னும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த ஒன்றரை மாதம் அப்பா தனியாக பாத்ரூம் போனார், எனக்கு அது பெரிது. ஆனால் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகமோ காதுக்குள் கருவியோ உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை நேரம் தவறக் கூடாது. கடைகளில் விற்கும் காந்தப் படுக்கை வேறு, இது வேறு. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதை வாங்கச் சொல்லி இன்னும் விடவில்லை.

இப்போது பாத்ரூம் வாசலில் ஒரு அடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது. இதை எந்த வீட்டிலும் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனபோது, வங்கியில் அப்பாவை மாடிக்கு வரச் சொன்னார்கள். பதினான்கு படி. பாதியில் கால் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் "குடிச்சிருக்காரா?" என்று என்னிடம் கேட்டார். மேலே இருந்த அதிகாரி ஒரு ஃபாரத்தோடு கீழே இறங்கி வந்திருக்கலாம்.