வின்ரார் காசு கேட்கிறது. 7-ஸிப் போடலாமா, விண்டோஸில் உள்ளதே போதுமா?

கேள்வி கேட்டவர் பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன டிசைன் ஒஃபிஸ் நடத்துகிறார். கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டவும் பிரிக்கவும் பாவிக்கும் வின்ரார் மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் வாங்கச் சொல்லி ஜன்னல் வருகிறது, ஸிப்புக்குள் உள்ள தமிழ்ப் பெயர்கள் சில நேரம் குழம்பி வருகின்றன, கூகுள் ட்ரைவிலிருந்து இறக்கினால் துண்டு துண்டாக வருகிறது, என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

அதே வேலையைச் செய்யும் 7-ஸிப்பைப் போடுங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு அச்சகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், நினைவு மலர் எல்லாவற்றுக்கும் படமும் எழுத்தும் லண்டன், டொரொண்டோ என்று எங்கெங்கோ இருந்து ஏதோவொரு பொதியாகத்தான் வந்து சேர்கின்றன. கடையில் எல்லாக் கணினியிலும் இருப்பது 7-ஸிப். ஈகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்டது, இன்றைக்கும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒஃபிஸ் வேலைக்குப் பாவித்தாலும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. வின்ரார் அப்படியல்ல. 40 நாள் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லும் மென்பொருள் அது. வாங்காவிட்டாலும் வேலை செய்கிறது என்பதால் ஊரெல்லாம் ஓடுகிறது, அவ்வளவுதான். லப்டொப் வாங்கும்போதே கடைக்காரர் அதையும் போட்டுத் தந்துவிடுவார், நாமும் கேட்காமல் வாங்கிக்கொள்வோம்.

7-ஸிப் ரார் கோப்புகளைத் திறக்கும், ஆனால் ராராகக் கட்டித் தராது. அந்த வடிவம் யூஜின் ரோஷல் 1993இல் செய்தது, கட்டும் உரிமை அவர்கள் பக்கம். இது உங்களுக்குக் குறையே இல்லை. வருவது எதுவானாலும் திறக்க முடிய வேண்டும், அனுப்புவது ஸிப்பாக இருக்க வேண்டும். 7-ஸிப்பின் சொந்த வடிவமான 7ஸெட் இன்னும் நன்றாக அமுக்கிச் சின்னதாக்கும். ஆனால் வாங்குகிறவர் போனில் திறக்கப் பார்த்து, முடியாமல் உங்களுக்கே கோல் எடுப்பார்.

போட்டதும் இரண்டு விடயம். விண்டோஸ் 11இல் வலது கிளிக் செய்தால் 7-ஸிப் உடனே கண்ணில் படாது. கீழே ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால்தான் பழைய மெனு வரும், அதற்குள் இருக்கும். அடுத்தது, இரட்டைக் கிளிக்குக்கு 7-ஸிப் திறக்க வேண்டுமானால் அதை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டு, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஒப்ஷன்ஸ்’ போய் ஸிப், ரார் வகைகளைத் தெரிவு செய்து கொடுக்க வேண்டும். மெனுவைத் தமிழிலும் மாற்றலாம். நான் ஆங்கிலத்தில்தான் விட்டிருக்கிறேன், போனில் ஒருவருக்கு வழி சொல்லும்போது இருவர் திரையும் ஒன்றாக இருக்கட்டும் என்று.

எந்த மென்பொருள் என்பதைவிடப் பொதியை எப்படிப் பாவிக்கிறீர்கள் என்பதுதான் என்னைக் கேட்டால் பெரிய விடயம். ஸிப் என்பது பார்சல். பிரித்துச் சாமானை வெளியே எடுத்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு ஃபோல்டர் போலத் தெரிவதால் பலர் அதை ஃபோல்டராகவே நினைத்துவிடுகிறார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர். கனடாவில் உள்ள தம்பி வேர்ட் கோப்பையும் படங்களையும் ஒரே ஸிப்பாக அனுப்பியிருந்தார். இவர் அந்த ஸிப்பைத் திறந்து, உள்ளே இருந்த வேர்ட் கோப்பை அப்படியே இரட்டைக் கிளிக் செய்து, வம்சாவளிப் பக்கத்தையும் நன்றியுரையையும் திருத்தியிருக்கிறார். மறுநாள் லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுவந்து, “தம்பி, இரவிரவா இருந்து திருத்தினனான், சேவும் பண்ணினனான், இப்ப திறந்தா பழசுதான் கிடக்கு” என்றார். குரல் அழும் நிலையில்.

நடந்தது இதுதான். விண்டோஸின் கோப்பு ஜன்னலான எக்ஸ்புளோரரில் ஸிப்புக்குள் இருக்கும் கோப்பைத் திறந்தால், விண்டோஸ் அதன் ஒரு நகலை டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டருக்கு எடுத்து அந்த நகலைத்தான் திறக்கிறது. வேர்டின் மேற்பட்டையில் ‘ரீட் ஒன்லி’ என்று சின்னதாக இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. சேவ் பண்ணப் போனால் எங்கே சேமிக்க என்று கேட்கும் ஜன்னல் வருகிறது. அது காட்டும் இடமும் பல நேரம் அதே டெம்ப்தான். என்டரை அழுத்திவிட்டால் திருத்திய கோப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும், ஸிப்புக்குள் பழையது அப்படியே இருக்கும். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, ‘டெம்ப்’ என்ற சொல்லின் இருபுறமும் வீதக்குறி போட்டு ஆங்கிலத்தில் அடித்து, வந்த ஃபோல்டரைத் திகதி வாரியாக அடுக்கித் தேடினேன். கிடைத்தது. எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள், டெம்ப்பை விண்டோஸ் தானாகவே துப்புரவு செய்துவிடும்.

7-ஸிப் ஜன்னலுக்குள் திறந்தாலும் இதே டெம்ப் கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. கோப்பை மூடியதும், இது மாறியிருக்கிறது, பொதிக்குள்ளும் மாற்றட்டுமா என்று கேட்கும். ‘ஓகே’ கொடுத்தால் உள்ளே போய்விடும். ஆனால் 7-ஸிப் ஜன்னலை நீங்கள் முதலே மூடிவிட்டால் கேட்க ஆளில்லை. வேர்ட் ஏற்கெனவே வேறொரு கோப்போடு திறந்திருந்தாலும் அந்தக் கேள்வி சில நேரம் வராமலே போகும். ஆகவே எட்டிப் பார்க்க மட்டும் உள்ளே திறவுங்கள். திருத்துவதென்றால் பிரித்தெடுத்து, திருத்தி, புதிதாகக் கட்டுங்கள்.

பிரிக்கும்போது மெனுவில் இரண்டு வழி தெரியும். ‘எக்ஸ்ட்ராக்ட் ஹியர்’ கொடுத்தால் உள்ளே இருப்பது எல்லாம் நீங்கள் நிற்கிற இடத்திலேயே கொட்டும். டெஸ்க்டொப்பில் நின்று அப்படிச் செய்து நானூறு படம் சிதறினால் பிறகு பொறுக்குவது உங்கள் பாடு. அதற்குக் கீழே, பொதியின் பெயரோடு ‘எக்ஸ்ட்ராக்ட் டு’ என்று இருப்பது புது ஃபோல்டர் ஒன்றைச் செய்து அதற்குள் போடும். எப்போதும் அதுதான் நல்லது, ஒரு இடத்தைத் தவிர.

அந்த ஒரு இடம்தான் நீங்கள் கேட்ட கூகுள் ட்ரைவ் விவகாரம். பெரிய ஃபோல்டரை இறக்கினால் ட்ரைவ் அதைப் பல ஸிப்புகளாக்கித் தரும். பெயரின் கடைசியில் 001, 002 என்று வந்து அதற்குப் பிறகு ‘ஸிப்’ என்று முடியும். அவை ஒவ்வொன்றும் தனித்தனி முழு ஸிப். ஒரே ஆல்பத்தின் படங்கள் இரண்டு மூன்று ஸிப்புகளில் கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் ஒரு வெறும் ஃபோல்டருக்குள் போட்டு, சேர்த்துத் தெரிவு செய்து, இங்கே மட்டும் ‘எக்ஸ்ட்ராக்ட் ஹியர்’ கொடுங்கள். உள் ஃபோல்டர்கள் தாமாக ஒன்றாகச் சேர்ந்துவிடும். இலக்கம் ‘ஸிப்’ அல்லது ‘7ஸெட்’ என்பதற்குப் பிறகு வந்தால் அது வேறு கதை. அது ஒரே பொதியை வெட்டிய துண்டு. எல்லாத் துண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், 001ஐ மட்டும் திறக்க வேண்டும், ஒரு துண்டு குறைந்தாலும் முழுமையாகப் பிரிக்க முடியாது. நீங்களே வெட்டுவதானால் கட்டும் ஜன்னலில் ‘ஸ்பிளிட் டு வொல்யூம்ஸ்’ என்ற பெட்டி இருக்கிறது. பழைய பென் ட்ரைவுக்குக் கொப்பி பண்ணும்போது உதவும். ஃபட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் 4 ஜீபியைத் தொடும் கோப்பை ஏற்காது, இடம் எவ்வளவு இருந்தாலும்.

தமிழ்ப் பெயர் குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸிப் கட்டப்பட்ட இடம். ஸிப் 1989இல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த வடிவம். பெயர் யுனிகோடில் இருக்கிறது என்று சொல்லும் அடையாளம் அதில் மிகப் பிந்தித்தான் சேர்ந்தது. ஆப்பிளின் மாக் கணினியில் கட்டிய ஸிப்புகள் பலவற்றில் பெயர் யுனிகோடில்தான் இருக்கும், அந்த அடையாளம் மட்டும் இருக்காது. எக்ஸ்புளோரர் அதைப் பழைய முறையில் வாசித்துக் குழப்புகிறது. 7-ஸிப் அப்படிப்பட்டவற்றை யுனிகோடாகவும் வாசித்துப் பார்ப்பதால் அநேகமாகச் சரியாக வரும். கூடவே வரும் ‘மெகோஎஸ்எக்ஸ்’ ஃபோல்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அழித்துவிடலாம். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினி என்றால் தமிழ்ப் பெயருள்ள கோப்பை அதன் சொந்த ஸிப் ஏற்கவே மறுக்கும். 7-ஸிப் கட்டிவிடும்.

ஒரு வேண்டுகோள், அச்சகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு. பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ அடித்திருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் பொதிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் எங்கள் திரையில் உங்கள் கவிதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

படங்களை அமுக்கிச் சின்னதாக்கப் பார்க்க வேண்டாம். ஜேபெக்கும் எம்பி4உம் ஏற்கெனவே அமுக்கியவை. ‘அல்ட்ரா’வில் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தாலும் பெரிதாகக் குறையாது. அதற்கு அமுக்காமல் அப்படியே கட்டும் ‘ஸ்டோர்’ போதும், ஒரு பொதியாகச் சேர்ந்தால் சரி. ஜிமெயிலின் 25 எம்பிக்குள் அடக்கவும் இது வழியல்ல, ட்ரைவில் போட்டு இணைப்பை அனுப்புங்கள்.

அடையாள அட்டை, வங்கிக் கூற்று போன்றவற்றை அனுப்பினால் கடவுச்சொல் போடுங்கள். விண்டோஸின் சொந்த ஸிப்பில் அதற்கு வழியே இல்லை. 7-ஸிப்பில் ஸிப் வடிவத்துக்குப் பூட்டும் முறைகள் இரண்டைக் காட்டும். ‘ஸிப்கிரிப்டோ’ பழையது, உடைக்கக்கூடியது. ‘ஏஇஎஸ்-256’ஐ எடுங்கள், ஆனால் வாங்குபவரிடமும் 7-ஸிப் போல ஒன்று இருக்க வேண்டும், எக்ஸ்புளோரர் அதைத் திறக்காது. ஸிப்பில் கடவுச்சொல் இருந்தாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பெயரும் மறைய வேண்டுமென்றால் 7ஸெட் வடிவத்தில் ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ கட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். கடவுச்சொல்லை அதே மெயிலில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

7-ஸிப்பும் வின்ராரும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. 7-ஸிப் 24.09க்கு முந்தியவற்றிலும் வின்ரார் 7.13க்கு முந்தியவற்றிலும் ஆட்கள் உண்மையாகவே பாவித்துத் தாக்கிய ஓட்டைகள் இருந்தன. ‘ஹெல்ப்’ மெனுவில் பதிப்பு இலக்கத்தைப் பாருங்கள், பழசென்றால் உரிய தளத்திலிருந்தே புதிதை இறக்கிப் போடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம்.

உபுண்டு பாவிப்பவர் ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். உபுண்டுவின் திரை க்னோம் வகை என்றால் ஃபைல் ரோலர், கேடிஈ வகை என்றால் ஆர்க் என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். இரண்டும் முகம் மட்டும்தான், உள்ளே பிரிப்பது வேறு கருவிகள். ரார் திறக்கவில்லை என்றால் ‘அன்ரார்’ என்ற கருவியை நிறுவிவிட்டுத் திரும்பத் திறவுங்கள். அங்கே தமிழ்ப் பெயருக்கு இன்னொரு தொல்லை உண்டு. கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ‘கோ’ என்ற ஓரெழுத்தே 6. விண்டோஸில் நீட்டி முழக்கி வைத்த பெயர் அங்கே பிரிக்கும்போது பிழை காட்டினால் பொதி பழுதில்லை, விண்டோஸிலேயே பெயரைக் குறுக்கித் திரும்பக் கட்டினால் சரியாகிவிடும்.