செக்கு எண்ணெய்க் கடைக்கு முதலில் போர்டு, லோகோ அப்புறம்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில், மெயின் ரோட்டு மேலேயே எட்டு மாதமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறேன். போர்டு 10 அடிக்கு 3 அடி. பச்சை நிறம், நடுவில் காளை செக்கு இழுக்கிற படம், மேலே பெரிதாகக் கடைப் பெயர். ஒருமுறை வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள், புது ஆள்தான் வருவதில்லை. 'இங்கே எண்ணெய்க் கடை இருக்கா?' என்று பக்கத்துத் தெருக்காரரே கேட்கிறார். நல்ல லோகோ ஒன்று வரையச் சொல்லி, போர்டு, பாட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

பதில்: வாங்கியவர் திரும்ப வருகிறார் என்றால் சரக்கில் குறையில்லை. வெளியே போகிறவர் கண்ணில் கடை படவில்லை, அவ்வளவுதான். அதை லோகோ சரி செய்யாது, போர்டு செய்யும்.

உங்கள் ரோட்டில் டூவீலர் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறக்குறைய 27 அடி. 100 அடி தள்ளி உங்கள் போர்டு கண்ணில் பட்டால், கடையைத் தாண்டுவதற்குள் நாலு நொடிகூட இல்லை. அதற்குள் அவர் ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு வார்த்தை படிப்பார். இப்போது அந்த இடத்தில் கடைப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. தெரியாதவருக்கு அது வெறும் பெயர். என்ன விற்கிறீர்கள் என்பது அங்கே வரவேண்டும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? 1 அங்குல உயரத்துக்கு 10 அடி தூரம் என்பது போர்டு தொழிலில் உள்ள கணக்கு. 90 அடியில் சிரமமில்லாமல் படிக்க 9 அங்குலம் வேண்டும். தமிழில் இதை ம, ர போன்ற வெறும் எழுத்தின் உயரமாக அளக்கவேண்டும். மேலே புள்ளி, கீழே 'கு'வின் வால் எல்லாம் சேர்ந்தால் அதே வரி 15 அங்குலம் பிடிக்கும். 'ஒரு அடி எழுத்து' என்று ஆர்டர் கொடுத்துவிட்டு, புள்ளியையும் வாலையும் சேர்த்து ஒரு அடி வாங்கி வருகிறவர்கள் நிறைய.

இனி அகலம். 9 அங்குல உயரத் தமிழ் எழுத்துக்கு, இடைவெளியோடு சராசரி 10 அங்குல அகலம் வையுங்கள். 'மரச்செக்கு எண்ணெய்' என்பதில் கொம்புகளையும் தனியே எண்ணினால் 12 உருவம், 120 அங்குலம். உங்கள் போர்டின் முழு அகலமே அவ்வளவுதான், ஓரம் விட இடமில்லை. டிசைனர் என்ன செய்வார்? எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார். அதற்குப் பதில் 'செக்கு எண்ணெய்' என்று போடுங்கள். 9 உருவம், நடுவில் ஓர் இடைவெளி, மொத்தம் 8 அடி. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தில் ரோஜாப்பூவோ, சாமி படமோ, போன் நம்பரோ வைக்கக்கூடாது. எழுத்து கண்ணில் நிற்பதே அந்த இடம் இருப்பதால்தான். வண்டியில் போகிறவர் நம்பரைப் படிக்கமாட்டார். அதை ஷட்டரில் எழுதுங்கள், கடை பூட்டியிருக்கும்போது வந்தவருக்கு உதவும்.

கடைப் பெயர் 4 அங்குலம் போதும். ஆங்கிலம் வேண்டுமென்றால் கீழே. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்பது விதி. 9 அங்குலத் தமிழுக்கு ஆங்கிலம் 5 அங்குலத்தைத் தாண்டவேண்டாம்.

'எண்ணெய்' என்ற சொல்லே எழுத்துக்காரருக்கு ஒரு சோதனை. இரண்டு மூணுசுழி 'ண' அடுத்தடுத்து வருகிறது, நடுவில் ஒரு கொம்பு, மேலே இரண்டு புள்ளி. தடித்த எழுத்தில் போட்டு, வெளிக்கோடு சுற்றி, நிழலும் கொடுத்தால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். தூரத்தில் நடுவில் ஒரு கறுப்புக் கட்டிதான் தெரியும். நடுத்தரத் தடிமன் போதும். வெளிக்கோடு, நிழல் இரண்டும் வேண்டாம். புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கவேண்டும். அச்சுக்குப் போகும் முன் டிசைனை 9 அங்குலம் 1 அங்குலமாகச் சுருக்கித் தாளில் எடுத்து, சுவரில் ஒட்டி 10 அடி தள்ளி நின்று பாருங்கள். உண்மைப் போர்டை 90 அடியில் பார்ப்பதற்கு இது சமம்.

அதே தாளில் கொம்பையும் பாருங்கள். போட்டோஷாப்பில் இந்திய மொழிக்கான அமைப்பை மாற்றாமல் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி இடம் மாறும். கடைசிக் கோப்பில் எழுத்தை 'கர்வ்' ஆக, அதாவது எந்தக் கணினியிலும் மாறாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றச் சொல்லி, அதற்குப் பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

பச்சையை விட்டுவிடுங்கள். செக்கு எண்ணெய், ஆர்கானிக், நாட்டு மருந்து என்று எல்லாக் கடையும் பச்சைதான். தவிர, பச்சை மேல் சிவப்பு எழுத்து ஆண்களில் சிலருக்குப் பிரிந்தே தெரியாது. மஞ்சள் மேல் கறுப்பு, அல்லது அடர் அரக்கு மேல் வெள்ளை எடுங்கள். டிசைனைச் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள், எழுத்து மங்கினால் நிறம் சரியில்லை. ஃபிளெக்ஸில் வெயில் பட்டால் முதலில் வெளுப்பது மஞ்சளும் சிவப்பும். பழைய பேனர்கள் நீலம் பாய்ந்து நிற்பது அதனால்தான். மேற்கு வெயில் அடிக்கிற கடை என்றால் அச்சை நம்பாமல் ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) மேல் அக்ரிலிக் எழுத்து வைப்பது நல்லது. செலவு கூடும், ஆனால் அடிக்கடி மாற்றும் வேலை இல்லை.

ரோட்டோடு வருகிறவருக்கு முகப்பு போர்டு சாய்வாகத்தான் தெரியும். சுவரிலிருந்து நீட்டிய, இரண்டு பக்கமும் எழுதிய சின்னப் பலகை ஒன்று அவருக்கு நேராகத் தெரியும். பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வையுங்கள். அதில் 'எண்ணெய்' என்ற ஒரே சொல் போதும்.

காளை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் செக்கு மோட்டாரில் ஓடுகிறதென்றால் அந்தப் படம் பொய் சொல்கிறது, உள்ளே வந்து பார்க்கிறவருக்கு அது உறுத்தும். செக்கைப் பின்கட்டிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தெரியும்படி வைத்து, ஆள் நடமாட்டம் உள்ள மாலை நேரத்தில் ஓட்டுங்கள். எள் அரைபடுகிற வாசனையைவிடப் பெரிய விளம்பரம் இந்தத் தொழிலில் கிடையாது. வெயில் படுகிற ஷோகேஸில் மட்டும் விற்கிற பாட்டிலை அடுக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்க வைக்கும். அங்கே எள், கடலை, கொப்பரை வையுங்கள்.

போர்டு முடிந்த பிறகு பாட்டில். வட்ட லிட்டர் பாட்டிலில் எதிரே நிற்பவருக்கு ஒழுங்காகத் தெரிவது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 சென்டிமீட்டர் போல. எண்ணெயின் பெயர் 7 சென்டிமீட்டருக்குள் முடியவேண்டும். 'கடலை எண்ணெய்' என்பதை இரண்டு வரியாக்கி 'கடலை'யைப் பெரிதாகப் போடலாம். 'நல்லெண்ணெய்' பிரியாது, எழுத்து 8 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு நிறப்பட்டை கொடுத்துவிடுங்கள். கண்ணாடி போடாத பாட்டியும் நிறம் பார்த்து எடுப்பார்.

கண்ணாடி போன்ற ஸ்டிக்கர் காலிப் பாட்டிலில் அழகாக இருக்கும். நல்லெண்ணெய் ஊற்றியதும் பழுப்பு எழுத்து எண்ணெய்க்குள் மறைந்துவிடும். அடியில் வெள்ளை மை இல்லாமல் அதை எடுக்காதீர்கள். காகித லேபிளும் ஆகாது, ஒரு சொட்டு பட்டாலே ஊறிக் கறையாகும். பிளாஸ்டிக் ஃபிலிம் ஸ்டிக்கரை, நிரப்பும் முன், காய்ந்த பாட்டிலில் ஒட்டவேண்டும். நிரப்பிய பிறகு ஒட்டினால் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காமல் ஓரம் எழும்பும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, பேக் செய்த தேதி, பேட்ச் எண், எம்ஆர்பி, முகவரி, புகார் எண் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் முன்பக்கத்தை வரையவேண்டும். எண்ணெய் சூட்டில் விரியும் என்பதால் அளவோடு எடையையும் போடுங்கள். 1 லிட்டர் 1 கிலோ ஆகாது, 910 கிராம் போலத்தான் வரும். 'கொலஸ்ட்ராலை எதிர்க்கும்', 'இதயத்துக்கு இதம்' போன்ற சொற்களுக்குச் சமையல் எண்ணெய் லேபிளில் அனுமதி இல்லை. டிசைனர் தானாகச் சேர்த்திருந்தாலும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

போர்டையும் பாட்டிலையும் ஒரே வாரத்தில் மாற்றவேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாது. கல்லா நோட்டில் இன்றிலிருந்து இரண்டு வாரம், முதல்முறை வருகிறவருக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். போர்டு மாறிய பிறகு இன்னும் இரண்டு வாரம் அதே கோடு. லோகோக்காரரிடம் அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.