கேன்டீன் சுவரில் யார் முதலில் எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் டீமில் ஒருவர் மன அழுத்தம் தாங்காமல் திடீரென்று வேலையை விட்டார். அவர் அவ்வளவு கஷ்டத்தில் இருந்தது பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரியவில்லை. இப்போது ஹெச்.ஆர். கேன்டீன் சுவரில் பெரிய ஓவியம் வரைந்து, பக்கத்தில் எல்லோரும் மனதில் உள்ளதை எழுத இடம் விடப் போகிறார்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். இதைப் பார்த்து யாராவது மனம் திறப்பார்களா, இல்லை எல்லாம் போட்டோவுக்குத்தானா?

கே.

அன்புள்ள கே,

போட்டோவுக்குத்தான் என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். 2011-ல் நியூ ஆர்லியன்ஸில் கேண்டி சாங் என்ற கலைஞர், நெருங்கிய ஒருவரை இழந்த துக்கத்தில், பாழடைந்த வீடு ஒன்றின் சுவருக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார். 'நான் சாவதற்கு முன்' என்று தொடங்கி மீதி காலியாக விட்ட வரிகளைப் பதித்து, யாரும் நிரப்பச் சாக்பீஸும் வைத்தார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. 2018-ல் லண்டனில் தேம்ஸ் கரையில் ஸ்டூவர்ட் பேட்விக் 9 மீட்டர் உயர மரத் தலைச் சிற்பம் ஒன்றை நிறுத்தினார். மனநலம் பற்றிப் பேச வைப்பதுதான் நோக்கம். மக்கள் தங்கள் மனநிலையை ட்விட்டரில் எழுத எழுத, இரவில் அதன் விளக்குகள் நிறம் மாறின.

ஆனால் அங்கெல்லாம் எழுதியவர் வழிப்போக்கர். அவருக்கு யாரும் அப்ரைசல் போடப் போவதில்லை. உங்கள் டீமில் யார் கையெழுத்து எது என்று எல்லோருக்கும் தெரியும், கேன்டீனில் கேமராவும் இருக்கும். 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்', ஒரு ஸ்மைலி, அவ்வளவுதான் வரும்.

அதே கேண்டி சாங் 2012-ல் லாஸ் வேகாஸில் செய்ததைப் பாருங்கள். அந்தரங்கத்தை எழுதச் சொல்லும்போது திறந்த சுவரை அவர் நம்பவில்லை. திரை போட்ட சிறு அறைக்குள் தனியாக மரப்பலகையில் எழுதலாம், பெயர் வேண்டாம். அவற்றைத்தான் பிறகு சுவரில் மாட்டினார். நீங்களும் மறைவான இடத்தில் ஒரு பெட்டி வையுங்கள். சீட்டுகளை வெளியாள் ஒருவர் ஒரே கையெழுத்தில் சுவருக்கு மாற்றட்டும். மேனேஜர்கள் மட்டும் பெயர் போட்டு, முதலில் எழுதட்டும். 'நான் ஜெயித்த கதை' வேண்டாம். 'ஞாயிறு ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை' என்று ஒரு டைரக்டர் எழுதினால் போதும், ஓவியத்தை விட அதைத்தான் நின்று படிப்பார்கள்.

அப்புறம், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு சீட்டு வந்தால்? பெயர் இல்லாததால் தேடிப் போகவும் முடியாது. அதனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ சுவரில் பெரிதாக எழுதுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கம்பெனி இன்ஷூரன்ஸில் மனநலச் சிகிச்சை உண்டா என்றும் பாருங்கள். உடல்நோய்க்குத் தருவது போலவே இதற்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

பெரும்பாலான சீட்டுகளில் ராத்திரி ஃபோன் கால், லீவிலும் லேப்டாப், ஆள் குறைந்த டீம் இவைதான் இருக்கும் என்பது என் ஊகம். யார் இதையெல்லாம் படிப்பார், படித்துவிட்டு எதைக் குறைப்பார் என்று ஓவியர் வருவதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். பதில் இல்லையென்றால் பூவும் பறவையும் வரைந்துகொள்ளலாம், கேன்டீனுக்கு நன்றாகத்தான் இருக்கும்.