வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸுக்கு எஸ்.பி. ரோட்டில் என்ன வாங்கலாம்?

கேள்வி: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 போட்டிருக்கிறேன். உள்ளே இருந்த வைஃபை போய்விட்டதால், பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். பெட்டியில் ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். செருகினால் சிடி டிரைவ் போல ஒரு ஐகான் வருகிறது. நெட் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கடைக்காரர், விண்டோஸில் ஓடுகிறதே என்கிறார். என்ன செய்ய?
– சிவாஜிநகர் வாசகர்

பதில்: டாங்கிள் கெட்டுப்போகவில்லை. மலிவு டாங்கிள்கள் பலவற்றில் விண்டோஸுக்கான டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) உள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். செருகியதும் அது முதலில் சிடியாகத் தலைகாட்டும். டிரைவர் ஏறிய பிறகுதான் வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்த மாற்றத்தை நாம் செய்துவிட வேண்டும்.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள். ரியல்டெக் என்று வரும் வரியில் ஐடி 1ஏ2பி என முடிந்தால் டாங்கிள் இன்னும் சிடி வேடத்தில்தான் இருக்கிறது. அந்த ஐகானை ரைட் கிளிக் செய்து ‘இஜெக்ட்’ கொடுங்கள். சில விநாடி கழித்து மறுபடி அதே கட்டளை. ஐடி மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற பேக்கேஜை நிறுவிவிட்டு டாங்கிளைக் கழற்றி மாட்டுங்கள்.

புதிய ஐடி சி811 என்று முடிந்தால் உள்ளே இருப்பது ஆர்டிஎல்8811சியு சிப். இதற்கான டிரைவர், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 6.2 வெர்ஷனில்தான் சேர்ந்தது. மின்ட் 21 உடன் வருவதோ 5.15. அப்டேட் மேனேஜரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய், ‘லினக்ஸ் கெர்னல்ஸ்’ பகுதியில் 6.8 வரிசையில் ஒன்றை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை நெட்டுக்கு ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ போட்டால் போதும், அதற்கென்று தனி டிரைவர் வேண்டாம்.

பெட்டியில் உள்ள ‘லினக்ஸ் சப்போர்ட்’ பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பெரும்பாலும் அர்த்தம், டிரைவரின் மூலநிரலைத் தருகிறோம், நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்பதுதான். இன்று ஓடும், அடுத்த கெர்னல் அப்டேட்டில் நின்றுவிடும். செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு வசதி) ஆன் ஆகியிருந்தால், கையொப்பமில்லாத அந்த டிரைவரைக் கெர்னல் ஏற்றவே ஏற்றாது. கெர்னலிலேயே டிரைவர் இருக்கிற சிப்பைத் தேடி வாங்குவதுதான் நிம்மதி.

அப்படி வாங்க நான் சொல்வது மீடியாடெக் சிப்புகள். விலை முக்கியம் என்றால் எம்டி7601யு; 4.2 கெர்னலிலிருந்தே டிரைவர் உண்டு. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் சுற்றிலும் இருபது ரூட்டர் இரைந்துகொண்டிருந்தால் வேகம் சுணங்கும். அங்கே 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிற எம்டி7610யு அல்லது எம்டி7612யு கேளுங்கள், இரண்டுக்கும் 4.19 முதல் டிரைவர் இருக்கிறது.

பிராண்டையும் மாடல் எண்ணையும் மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் நல்ல உதாரணம். முதல் வெர்ஷனில் லினக்ஸுக்கு மிகவும் இணக்கமான ஏத்திராஸ் ஏஆர்9271 சிப். வெர்ஷன் 2 முதல் ரியல்டெக். பெயரும் உருவமும் ஒன்றே. பின்பக்க லேபிளில் உள்ள வெர்ஷன் எண்தான் காட்டிக்கொடுக்கும். பழைய இணையப் பக்கத்தில் ‘லினக்ஸில் அருமை’ என்று படித்துவிட்டுப் புதுச் சரக்கை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

எனவே லேப்டாப்பைக் கையோடு கொண்டு போங்கள். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். பணம் கொடுக்கும் முன் செருகி ஐடியைப் பாருங்கள். செருகிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.

கேள்வி: மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ‘1080பி’ என்று போட்ட மலிவு வெப்கேம் வாங்கினோம். உபுண்டு லினக்ஸில் டிரைவர் இல்லாமலே வேலை செய்கிறது, ஆனால் படம் விட்டு விட்டு வருகிறது.
– அல்சூர் வாசகி

பதில்: டிரைவர் கேட்காமல் ஓடுவதால் அது யுவிசி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கேமரா, அந்த வகையில் நல்ல பொருள்தான். சிக்கல் படத்தின் ஃபார்மட்டில் இருக்கலாம். படத்தைச் சுருக்காமல் அனுப்பும் ஒய்யுஒய்வி ஃபார்மட்டில் ஒரு புள்ளிக்கு 2 பைட். 1280 × 720 அளவில் ஒரு ஃபிரேம் சுமார் 1.8 எம்பி, விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 55 எம்பி. யுஎஸ்பி 2.0 வழியில் வெப்கேமுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 24 எம்பி சொச்சம். அதனால்தான் கேமரா விநாடிக்குப் பத்து ஃபிரேமோடு நின்றுவிடுகிறது. ‘ஜியுவிசிவியூ’ என்ற மென்பொருளை நிறுவி, வீடியோ பகுதியில் ஃபார்மட்டை, படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபிஜி என மாற்றிப் பாருங்கள். ஃபிரேம் கூடினால் காரணம் பிடிபட்டது. பட்டியலில் எம்ஜேபிஜி இல்லவே இல்லை என்றால் 640 × 480 வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு அது தாராளம். எந்த ஃபார்மட்டிலும் 1920 × 1080 அளவு இல்லை என்றால் பெட்டியில் போட்டது பொய்; திருப்பிக் கொடுங்கள்.

அறையில் வெளிச்சம் போதாவிட்டாலும் கேமரா தானே ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். முகத்துக்கு நேரே ஒரு டியூப்லைட் இருக்கட்டும்.

கேள்வி: டியூஷன் சென்டருக்குப் பழைய லேசர் பிரிண்டர் ஒன்று தேவை. கேனான் எல்பிபி2900 ஒன்றும், எச்பி பி1108 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. கணினி முழுக்க லினக்ஸ். எதை எடுக்கலாம்?
– கே.ஆர். புரம் வாசகர்

பதில்: எல்பிபி2900 உழைக்கும் மெஷின், டோனரும் எங்கும் கிடைக்கும். இருந்தும் உங்களுக்கு வேண்டாம். அது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி மட்டுமே பேசும். அதற்குக் கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது. 64 பிட் கணினியில் 32 பிட் லைப்ரரிகளைத் தேடிப்பிடித்துப் போட வேண்டும். இதற்கென்று பின்னணியில் ஒரு சர்வீஸ் ஓட வேண்டும். ரீஸ்டார்ட் செய்ததும் அது எழாமல் போவது வாடிக்கை. பரீட்சை நேரத்தில் இதோடு மல்லுக்கட்ட முடியாது.

பி1108 ஓடும், ஒரு நிபந்தனையோடு. எச்பிலிப் என்ற மென்பொருளோடு எச்பியின் தனி ‘பிளக்இன்’ ஒன்றும் வேண்டும். ‘எச்பி-செட்டப்’ ஓட்டினால் அதுவே நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். இரண்டின் வெர்ஷனும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் எச்பிலிப் மாறி, பிளக்இன் பழையதாகவே தங்கிவிட்டால், அச்சு முடிந்தது என்று திரையில் வரும், பிரிண்டரோ அசையாது. அப்போது ‘எச்பி-பிளக்இன்’ கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். டோனர் 88ஏ.

கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால், ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் டிரைவரில்லா அச்சு வசதி) உள்ள நெட்வொர்க் பிரிண்டர் எடுங்கள். பெயரைப் பார்த்து ஆப்பிளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏர்பிரிண்ட் உள்ளதை இன்றைய லினக்ஸ் டிரைவரே இல்லாமல் கண்டுகொள்கிறது. பிரதரின் எல்2300 வரிசையும் நல்ல தேர்வு; ‘பிஆர்லேசர்’ என்ற திறந்தமூல டிரைவர் போதும்.

கேள்வி: தமிழ்99 எழுத்தமைப்பு அச்சிட்ட கீபோர்டு பெங்களூரில் எங்கே கிடைக்கும்?
– ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: தேட வேண்டாம். எந்த யுஎஸ்பி கீபோர்டும் லினக்ஸில் ஓடும். ‘ஐபஸ் எம்17என்’ பேக்கேஜை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். உபுண்டுவில் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் பகுதியில் தமிழ்99 சேர்த்துவிட்டால், விண்டோஸ் சின்னமுள்ள பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பழகும்வரை தட்டச்சுப் படத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். வண்ண விளக்குக் கீபோர்டுகளில் விளக்கை மாற்றும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கேள்வி: டைப்-சி டாக் (ஒரு துளையிலிருந்து பல இணைப்புகள் தரும் பெட்டி) வழியாக இரண்டாவது மானிட்டர் இணைக்க வேண்டும். விலை ஏணி வைத்தாலும் எட்டவில்லை. மலிவில் எது?
– ஜாலஹள்ளி வாசகர்

பதில்: முதலில் லேப்டாப்பின் டைப்-சி துளை அருகே டிஸ்ப்ளேபோர்ட்டின் ‘டி’ வடிவச் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். சில கம்பெனிகள் சின்னமே போடுவதில்லை, ஆகவே மேனுவலையும் பாருங்கள். வீடியோ வரும் துளை என்றால் டாக்கே வேண்டாம். சாதாரண டைப்-சி – எச்டிஎம்ஐ மாற்றி போதும், டிரைவர் எதுவும் தேவையில்லை. 4கே மானிட்டராக இருந்தால் மட்டும் ‘60 ஹெர்ட்ஸ்’ என்று போட்ட மாற்றியாக எடுங்கள். 30 ஹெர்ட்ஸில் மவுஸ் இழுபடும். படத்தைச் சாதாரண யுஎஸ்பி வழியாகவே அனுப்பும், ‘டிஸ்ப்ளேலிங்க்’ என்று போட்ட டாக்குகளுக்குத் தனி டிரைவர் வேண்டும், கெர்னல் மாறும்போதெல்லாம் அதையும் கவனிக்க வேண்டியிருக்கும். உங்கள் துளையில் வீடியோ வராது என்றால் மட்டும் அதற்குப் போங்கள்.